போர்ட் டிரெனனில் ஒன்பது ஓட்டு

தெற்கு ஆஸ்திரேலியாவில் நாங்கள் பிடிக்கிற மீன்களிலேயே ருசியானதற்கு ஒரு அரசனின் பெயர். கிங் ஜார்ஜ். கிளெனிஸ் பாஸ்கோ வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லி மீன் வாங்கியதில்லை. மீன் கடையில் போய் நின்று, "அந்தப் பெரிய மனுஷன் பேர் வச்ச மீன்ல நாலு குடு" என்பாள். கடைக்காரன் வேண்டுமென்றே, "எந்தப் பெரிய மனுஷன்?" என்பான். இவள் விரலால் காட்டுவாள். இது நாற்பது வருஷம் நடந்தது. கடைக்காரன் செத்து அவன் மருமகன் வந்த பிறகும் நடந்தது.

எங்கள் ஊர் ஸ்கூல் பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவள் அவள். கோதுமைப் பண்ணைகளின் வாசலில் நிற்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையில் எட்டரைக்கு ஊருக்குள் வருவாள். ஜூன் மாதத்தில் அரசியின் பிறந்தநாள் என்று ஒரு திங்கட்கிழமை நாடே லீவு போடும். அரசி பிறந்தது ஏப்ரலில். "பொறந்த நாளும் பொய்யி, அதுக்கு லீவு வேறயா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் காலை ஏழு மணிக்கே பஸ்ஸை எடுத்து வெளியே நிறுத்தி, ஊர் பார்க்கக் கழுவுவாள். யாரும் அவளைப் பின்பற்றவில்லை. நானும்தான். நான் அந்த மூன்று நாள் லீவில் நண்டு பிடிக்கப் போய்விடுவேன்.

என் பெயர் மெர்வ் ரோடா. ஊரில் பேப்பர் கடை வைத்திருந்தேன். பிரிட்டிஷ் அரசி நமக்கு வேண்டாம் என்கிற குடியரசு இயக்கத்தின் போர்ட் டிரெனன் கிளைக்கு அவள் தலைவி, நான் செயலாளர். கிளையில் அதிகபட்சமாக இருந்தது பதினாலு பேர். கடைசியில் இருந்தது ரெண்டு பேர்.

அவளுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று ஊரில் பல கதை உண்டு. ஏழு வயதில் அரசியைப் பார்க்க அடிலெய்டுக்குக் கூட்டிப் போய் வெயிலில் நாலு மணி நேரம் நிற்க வைத்தார்களாம். கார் வந்தது, போனது. இவள் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கையுறை மட்டும். அதற்குள் பாவாடை நனைந்து, டீச்சர் தொடையில் அடித்துவிட்டாளாம். அந்தக் கோபம்தான் இது என்பார்கள். அவளிடமே கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போனதுக்கெல்லாம் யாராவது கட்சி ஆரம்பிப்பாங்களா, மெர்வ்?" என்றாள். "எழுபத்தஞ்சுல துணி துவைச்சிட்டு இருந்தேன். ரேடியோல சொன்னான், கவர்னர் ஜெனரல் பிரதமர வீட்டுக்கு அனுப்பிட்டாருன்னு. நான் ஓட்டுப் போட்ட ஆளு. நான் வரிசைல நின்னு போட்டேன். எவனோ ஒருத்தன், அரசி பேரச் சொல்லி, ஒரு தாள்ல கையெழுத்து போட்டுத் தூக்கிட்டான். என் வீட்டு வேலைக்காரன என்னக் கேக்காம பக்கத்து வீட்டுக்காரன் வெளிய தள்ளுன மாதிரி இருந்துச்சு. சோப்புக் கையோட அப்படியே நின்னேன்."

அவள் தலைவி ஆனதற்கு அவ்வளவுதான் காரணம்.

தொண்ணூற்றொன்பதில் வாக்கெடுப்பு வந்தது. நாடு குடியரசு ஆகலாமா வேண்டாமா. அன்று கிளெனிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் ஓட்டி முடித்து, நாலு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் இருட்டும் வரை வீடு வீடாகப் போவாள். ஊரில் அவள் கதவைத் தட்டாத வீடு இல்லை. இரண்டு தரம் தட்டிய வீடுகள் உண்டு. அவள் புருஷன் ட்ரெவர் யெஸ் என்று எழுதப்போவதாக முதல் வாரமே சொல்லிவிட்டான். "எனக்குச் சோறு வேணும்ல" என்றான்.

நாடு தோற்கும் என்று அவளுக்குத் தெரியும். கருத்துக்கணிப்பு எல்லாம் அப்படித்தான் சொன்னது. சுற்றுப்பட்டுக் கோதுமை ஊர்கள் எல்லாம் மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம் என்கிற ஊர்கள். அவள் ஆசைப்பட்டது சின்ன விஷயம். எங்கள் ஊர்ப் பொது மண்டபமான இன்ஸ்டிட்யூட் ஹாலில் இருக்கிற அந்த ஒரு பூத்தில் ஜெயிக்க வேண்டும்.

"நாடு எக்கேடும் கெடட்டும், மெர்வ். இங்க பொறந்து, இங்க பஸ் ஓட்டி, இங்கயே சாகப் போறேன். இந்த ஊரு என்கூட நின்னுச்சுன்னு ஒரு நம்பர் வேணும் எனக்கு. அடுத்த வாட்டி அத வச்சு பக்கத்து ஊரப் பிடிச்சிருவேன்."

இப்போது என் கதைக்கு வர வேண்டும். வர இஷ்டமில்லை. வராவிட்டால் அவளைப் பற்றி நான் எழுதுகிற எதற்கும் அர்த்தமில்லை.

அந்த வாக்கெடுப்பில் ஒரு சிக்கல் இருந்தது. குடியரசு ஆனால் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்றால், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் என்று எழுதியிருந்தது. ஜனங்கள் இல்லை. எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. அரசியை அனுப்பிவிட்டு அரசியல்வாதிகள் கூடிப் பேசி ஆள் வைப்பதற்கு இவ்வளவு பாடா? நான் அரசி பக்கம் இல்லை. கிளெனிஸைவிடத் தீவிரமான குடியரசுக்காரன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவரை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குடியரசு வேண்டும் எனக்கு. அரைகுறை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைகளில் பௌல்ஸ் கிளப்பில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அணி. புல்தரையில் பந்தை உருட்டிவிட்டு, பிறகு பீர் குடித்துக்கொண்டு நாட்டைத் திருத்துவோம். லெஸ் கிட்டோ என்று ஒருவன், தானியக் கிடங்கில் எடை போடுகிறவன், ஒரு நாள் கேட்டான்.

"ஏன்டா மெர்வ், நீ செயலாளர்தானே. நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இது நல்ல குடியரசா?"

"இல்லடா" என்றேன்.

"அப்ப என்ன செய்றது? கிளெனிஸ் என் வீட்டுக்கு ரெண்டு தடவ வந்துட்டா. சரின்னு சொல்லிட்டேன்."

"இத இப்பத் தோக்கடிச்சா, ரெண்டு மூணு வருஷத்துல சரியானத கொண்டு வருவாங்க. கொண்டு வந்துதானே ஆகணும். இப்ப யெஸ்னு சொல்லிட்டா இதுவே நிலைச்சிரும்."

மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். நான் நன்றாகப் பேசுவேன், அதுதான் என் கேடு. ரெண்டு மூணு வருஷத்தில் வந்துவிடும் என்று அன்றைக்கு நாட்டில் எத்தனையோ பேர் நம்பினோம். எங்களைப் போல் முட்டாள்கள் வேறு எங்காவது இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. அரசி வேண்டாம் என்கிறவர்களே வரிசையில் நின்று அரசியைக் காப்பாற்றிக் கொடுத்தோம்.

நவம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை. ஹால் வாசலில் பள்ளிப் பெற்றோர் சங்கம் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தது. நான் யெஸ் என்று போட்ட சட்டையோடு காலை எட்டு மணியிலிருந்து துண்டுச் சீட்டு கொடுத்தேன். வாங்கினவர்களிடம் சிரித்தேன். மூன்று மணிக்குக் கிளெனிஸ் என் தோளைத் தட்டி, "நீ போய்ப் போட்டுட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். உள்ளே பிரச்சாரச் சட்டை கூடாது. மேலே ஒரு ஜாக்கெட்டை மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்துக்கொண்டு போனேன். பென்சிலை எடுத்து நோ என்று எழுதினேன். வெளியே வந்து ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் சீட்டு கொடுத்தேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் அன்றைக்கு இல்லை.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ண ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து ஏஜெண்டாகக் கிளெனிஸ் உள்ளே நின்றாள். ஏஜெண்ட் தாளைத் தொடக்கூடாது, பார்க்கலாம். ஒவ்வொரு தாளாக விரித்து, நோ ஒரு பக்கம், யெஸ் ஒரு பக்கம் அடுக்கினார்கள். எட்டு மணிக்கு முன்னாலேயே வெளியே வந்தாள். நானும் ட்ரெவரும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"இருநூத்தி அறுபத்திரெண்டு நோ. இருநூத்தி அம்பத்திமூணு யெஸ்" என்றாள். "ஒம்பது ஓட்டு."

சுற்றியுள்ள ஊர்களில் நூறு, இருநூறு என்று தோற்றிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒன்பது. ட்ரெவர் அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தான். அவள் காதில் விழவில்லை.

"அஞ்சு பேரு. அஞ்சே அஞ்சு பேரு மாத்தி எழுதியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம். எந்த அஞ்சு பேரு, மெர்வ்?"

எந்த ஐந்து பேர் என்று அந்த ஊரிலேயே எனக்குத்தான் தெரியும். "யாருக்குத் தெரியும்" என்றேன். பிறகு, அவளுக்காக, முகம் தெரியாத அந்த ஐந்து பேரைக் கெட்ட வார்த்தையில் திட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவள் அந்த ஐந்து பேரைத் தேடினாள். வருஷக்கணக்காகத் தேடினாள். பேக்கரி கென் சினோவெத் கடையில் அரசி படம் மாட்டியிருந்தான் என்று இரண்டு வருஷம் அவனிடம் இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கவில்லை. ஒரு ரொட்டிக்காக இருபது கிலோமீட்டர் போனாள். கென் ஒரு நாள் என் கடைக்கு வந்து புலம்பினான். "அது எங்கம்மா மாட்டுன படம், மெர்வ். கழட்டினா அவ உயிர எடுப்பா. நான் யெஸ்தான் எழுதுனேன். சத்தியமா. அவகிட்ட நீயாவது சொல்லேன்." சொன்னேன். அவள் நம்பவில்லை. "எல்லாரும் யெஸ்தான் எழுதுனாங்களாம். அப்ப நோ எழுதுனது ஆவியா?" என்றாள். கென்னின் அம்மா செத்துப் படம் இறங்கிய பிறகுதான் சமாதானமானாள்.

ரெண்டு மூணு வருஷத்தில் வரும் என்றேனே, வரவில்லை. ஐந்து வருஷத்தில் வரவில்லை. பத்தாவது வருஷத்தில், அரசி காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பிரதமர் முதல் பேக்கரி வரை எல்லாரும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள். கிளெனிஸ் மற்ற நாடுகளைப் பார்க்கத் தொடங்கினாள். சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. கால்பந்துப் பட்டியல் மாதிரி அதில் நாடுகள் இருந்தன. டுவாலுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள், தோற்றார்கள். செயின்ட் வின்சென்டில் வைத்தார்கள், தோற்றார்கள். கனடாவில் வைக்கவே முடியாது, பத்து மாகாணமும் சம்மதிக்க வேண்டும். நியூசிலாந்து நமக்காகக் காத்திருக்கிறது, நாம் நியூசிலாந்துக்காகக் காத்திருக்கிறோம். ஜமைக்கா ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்கிறது.

பார்படோஸ் குடியரசு ஆன அன்றைக்கு அவளே ஒரு கேக் செய்து கடைக்குக் கொண்டு வந்தாள்.

"அவங்க எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? ஜனங்களக் கேக்கவே இல்ல. நாடாளுமன்றத்துல கைய தூக்கி முடிச்சிட்டாங்க" என்றாள். "நமக்குத்தான் கேட்டே ஆகணும்னு சட்டம். கேட்டா நாம வேண்டாம்னு சொல்லுவோம். அதுதான் நம்ம பழக்கம்."

அரசி இறந்தாள். கவுன்சில் வாசலில் அனுதாபப் புத்தகம் வைத்தார்கள், ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. கிளெனிஸும் நின்றாள். நான் ஆச்சரியப்பட்டேன். "எழுபது வருஷம் ஒரு நாள் லேட்டா வராம வேல பாத்திருக்கா. அந்தப் பொம்பளையோட எனக்கென்ன சண்ட?" என்றாள். அவளுடைய சண்டை அந்த வேலையோடுதான். இனிமேல் யாரும் சாக்குச் சொல்ல முடியாது என்று ஒரு மாதம் துள்ளிக்கொண்டிருந்தாள். புது ராஜா வந்தார். எம்.பி. ஆபீசிலிருந்து இலவசமாகப் படம் வாங்கி ஹாலில் மாட்டினார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வருஷம் பழங்குடி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டும் என்று வேறொரு வாக்கெடுப்பு வந்தது. கிளெனிஸ் எழுபத்தாறு வயதில் அதற்கும் கதவு தட்டினாள். எங்கள் பூத்தில் ஐந்தில் நாலு பேர் நோ. அன்றைக்கு அவள் படியில் உட்காரக்கூட இல்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பிரதமரும் வாக்கெடுப்பு என்கிற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. எங்கள் காலத்தில் இனி எடுக்கவும் மாட்டார்கள். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது.

போன மார்ச்சில் போன் செய்தாள். கண் பார்வை மங்கிவிட்டது, லைசென்சை வாங்கிக்கொண்டார்கள், ட்ரெவரும் இப்போது இல்லை, மகள் வந்து வடக்கே டார்வினுக்குக் கூட்டிப் போகிறாள். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஹால்ல கூட்டம். முறைப்படி முடிச்சிரலாம். நோட்டு எடுத்துட்டு வா."

ஹாலின் பக்கத்து அறையை எங்களுக்கு எப்போதும் சும்மா கொடுப்பார்கள். ராஜா அங்கேயும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ரெண்டு பேர், ஒரு பிளாஸ்க் டீ, கென் கொடுத்தனுப்பிய ரெண்டு பாஸ்டி. அவள் எழுந்து நின்றாள். ரெண்டு பேர் கூட்டத்திலும் எழுந்து நின்றுதான் பேசுவாள்.

"போர்ட் டிரெனன் கிளையக் கலைச்சிரலாம்னு நான் தீர்மானம் முன்மொழியறேன். செயலாளர் வழிமொழியணும்."

எனக்குக் கை வரவில்லை. நோட்டை மூடி வைத்தேன்.

"கிளெனிஸ், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உக்காரு."

"நின்னுதான் கேப்பேன், சொல்லு."

"தொண்ணூத்தொம்பதுல நான் நோ எழுதுனேன்."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். டீயை ஊற்றினாள். பார்வை மங்கியதால் கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்து ஊற்றினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என் கண்ணு முன்னாடிதானே விரிச்சாங்க. நோன்னு எழுதிக் கீழ ஒரு கோடு இழுத்திருந்த. பத்து வருஷமா கடைல எனக்கு எடுத்து வைக்கிற பேப்பர் மேல பாஸ்கோன்னு எழுதி அதே கோட்ட இழுத்துட்டிருந்தவன் நீ. ஊர்ல வேற எவன்யா ஓட்டுச் சீட்டுக்கு அடிக்கோடு போடுவான்?"

இருபத்தைந்து வருஷம். அவ்வளவு நாளும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். படியில் நான் அந்த ஐந்து பேரைத் திட்டியபோது கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அழுதேன். எழுபத்தொரு வயதில், ராஜா படத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன்.

"ஏன் என்ன விரட்டல?"

"விரட்டிட்டு? தீர்மானத்த வழிமொழிய ஆள் வேணாமா? நான் ஒருத்தி மட்டும் இருந்தா அது கிளை இல்ல மெர்வ், கிறுக்கு." பாஸ்டியை உடைத்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். "ஒரு மாசம் உன்னக் கொல்லணும் போல இருந்துச்சு. நெசமா. பஸ்ஸ உன் கடைக்குள்ள விட்டுரலாமான்னு பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். தலைவர நாமதான் தேர்ந்தெடுக்கணும்னு நீ எப்பவும் சொல்லிட்டுத்தானே இருந்த. உன் புத்திக்குச் சரின்னு பட்டத எழுதுன. உன்னோடது ஒரு ஓட்டு. நாம தோத்தது ஒம்பதுல. நீ மாத்தி எழுதியிருந்தா ஏழு. அப்பவும் தோல்விதான். ஒத்த ஓட்டுக்காக ஒரு மனுஷன எறிய முடியுமா?"

என் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. லெஸ் கிட்டோவும் மற்ற மூன்று பேரும் என் நாக்கு நுனியில் நின்றார்கள். அதில் மூன்று பேர் செத்துவிட்டார்கள். லெஸ்ஸுக்குத் தன் பேரே ஞாபகமில்லை.

"என்கிட்ட சரின்னு சொல்லிட்டு நோ எழுதுன மீதி நாலு பேரு யாருன்னுதான் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல" என்றாள். "அந்தக் கையெழுத்தெல்லாம் எனக்குத் தெரியாத கையெழுத்து. அவங்களயும் உன்ன மாதிரி உக்கார வச்சு ஒரு டீ குடுத்துக் கேட்டிருப்பேன், ஏன்யான்னு. திட்டறதுக்கில்ல. யாரு இவங்ககிட்டப் போய்ப் பேசுனது, நான் ரெண்டு ரெண்டு தடவ போய்ப் பேசுனதவிட நல்லா என்னத்தப் பேசுனான், அது தெரிஞ்சாப் போதும் எனக்கு." என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் எங்கே இருக்கிறேன் என்று சரியாகத் தெரியாமல் என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தாள். "பேப்பர் கடைல உக்காந்திருந்தவன். உன் காதுக்கு எதுவும் வந்ததில்லயா?"

"வந்ததில்ல, கிளெனிஸ்" என்றேன்.

"சரி விடு" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்து நின்றாள். "தீர்மானம் அப்படியே இருக்கு. வழிமொழி."

வழிமொழிந்தேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றாள். அவளுக்குத் தெரிகிற உயரத்துக்கு என் கையைத் தூக்கிக் காட்டினேன்.